ஐந்து துளைச் சுவிச்சும் மேல்மாடிச் சித்தப்பாவும்

கடைக்குப் போனால் கேட்க வந்ததைக் கேட்காமல், கையில் தந்ததை வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நான். சாரிக் கடையில் இரண்டாவது சாரியை விரித்துக் காட்டச் சொல்லக்கூட எனக்கு வாய் வராது. ஆனால் வீட்டுக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கிற நெட்வொர்க் சுவிச் என்று வந்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் என்னிடம் கதை விட முடியாது. போன மாதம் மகன் அப்படி ஒன்று வாங்கக் கிளம்பியபோது, "வயர் குத்த எட்டுத் துளை எதுக்கு, அஞ்சு போதும். செட்டிங் பண்ற சாமான எடுத்துறாத" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பன்னிரண்டு வயதிலேயே அதே சாமானை நான் தனியாகத் தெரிவு செய்து வாங்கியவள் என்பது அவனுக்குத் தெரியாது.

அப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். கீழே நானும் அப்பாவும் அம்மாவும். மேலே சித்தப்பாவும் சித்தியும். நடுவில், வீட்டுக்குள்ளேயே ஒரு படிக்கட்டு. சித்தப்பா மேலே இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு கலியாண அட்டையும் மரண அறிவித்தலும் அடித்துக் கொடுத்தார். கீழே அப்பாவிடம் ஒரு கணினி. பகலில் மாநகர சபையில் இலிகிதர் வேலை, மாலையில் கோயில் சபைக்குக் கடிதம் எழுதும் வேலை என்று அப்பாவுக்கும் தட்டச்சு ஓயாது. பிரிண்டர் மட்டும் ஒன்றுதான். அது மேலே இருந்தது.

அந்த வருடம் அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சு நின்றது. தண்ணீர்த் தாங்கியில் தொடங்கி, யார் யாருடைய கலியாணத்தில் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது வரைக்கும் போன சண்டை. கடைசியில் சித்தப்பா வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டுக் கட்டிக்கொண்டு, உள்ளே இருக்கிற வழியைச் சுவர் வைத்து அடைத்துவிடுவதென்று முடிவு செய்தார். முற்றத்தில் செங்கல் வந்து இறங்கியது. சுவர் கட்டுகிற மேசன் பாஸுக்கு வேறு வேலை இருந்ததால் நான்கு மாதம் தவணை சொன்னார். நான் ஒற்றைப் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இருட்டும் வரை சித்தியோடுதான் இருப்பேன். அந்தச் செங்கலைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டுதான் முற்றத்தைக் கடப்பேன்.

இருவருக்கும் நடுவில் நான்தான் தபால். அப்பா கடிதத்தைப் பிளாப்பித் தட்டில் போட்டுத் தருவார். நான் மேலே கொண்டுபோய் பிரிண்ட் எடுத்து வருவேன். எழுத்து மங்கலாக இருந்தால் அப்பா என்னிடம் ஏசுவார், நான் அதை மேலே ஒப்புவிப்பேன், சித்தப்பா பதிலுக்கு ஏசுவதைக் கீழே கொண்டுவருவேன். "பிள்ள ஏறி எறங்கியே தேஞ்சு போயிரும்" என்று ஒரு நாள் சித்தி சத்தம் போட்ட பிறகுதான் மூன்று கணினிகளையும் வயர் போட்டு இணைக்கிற யோசனை வந்தது. இரண்டு பேருமே உடனே சம்மதித்தார்கள். முகம் பார்க்காமலே வேலை நடக்குமென்றால் யாருக்குக் கசக்கும்? சுவர் எழும்பினாலும் வயர் போக ஒரு ஓட்டை விட்டால் போதும் என்றார் சித்தப்பா.

சாமானை யார் வாங்குவது? அப்பா வாங்கினால் சித்தப்பா குறை சொல்வார். சித்தப்பா வாங்கினால் அப்பா தொடமாட்டார். எங்கள் பள்ளிக்கூடக் கணினி அறையில் அதைப் பார்த்திருக்கிறேன் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வேலை என் தலையில் விழுந்தது.

"அமுக்கி, திருப்பி செட் பண்ற மாதிரி எதுவும் இருக்கக்கூடாது. பொறகு மேல போய்க் கேக்கணும்" என்றார் அப்பா.

மேலே போனேன். "நோண்டுற சாமான் வாங்கிறாத. பொறகு உங்கப்பா ஆள் அனுப்புவாரு" என்றார் சித்தப்பா.

இரண்டு பேரும் ஒரே சாமானைத்தான் கேட்டார்கள். அதை அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கடைத்தெருவில் அலவத்துகொட ஊர்க்காரர் ஒருவர் கணினிச் சாமான் கடை வைத்திருந்தார். அவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் ஐந்து நிமிடம் நின்று, உள்ளே ஆள் குறைந்த பிறகு போனேன். அவர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது ஹப், மகள். வெல கொறவு. ஆனா ஒரு கம்ப்யூட்டர் சொல்றத எல்லாத்துக்கும் கத்திச் சொல்லும். இது சுவிச். யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும்தான் சொல்லும். இந்தப் பெரிசு எட்டுத் துளை, இரும்புக் கூடு. ஊட்டுல எத்தன கம்ப்யூட்டர் ஈக்கி?"

"மூணு."

"அப்ப அஞ்சு துளை காணும். வயரக் குத்தினாச் சரி, வேற ஒரு வேலயும் இல்ல."

கத்திச் சொல்கிறவர்கள் எங்கள் வீட்டில் போதிய அளவு இருந்தார்கள். ஐந்து துளைச் சுவிச்சை எடுத்தேன். ஒரு வருட வாரண்டிக் கடதாசியையும் கேட்டு வாங்கினேன்.

அதை எங்கே வைப்பது என்பதில் சண்டை வரவில்லை. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் அயன் போடுகிற பிளக் ஒன்று இருந்தது. மேலும் இல்லை, கீழும் இல்லை. கடைப் பையன் வந்து வயர் இழுத்தான். அன்றைக்கே அப்பா கீழே பொத்தானை அமுக்க மேலே பிரிண்டர் கறகறத்தது. நான் வாங்கி வந்த சாமான்! ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன். தினமும் படியில் உட்கார்ந்து அதன் பச்சை விளக்குகளைப் பார்ப்பேன். பிரிண்ட் போகும்போது மினுக்கும், முடிந்தால் அமைதியாகிவிடும்.

மூன்றாவது வாரம்தான் கோளாறைக் கண்டுபிடித்தேன். சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு அறைக் கதவுகளும் சாத்தியிருக்கிற நேரத்தில், மேலே போகிற வயரின் விளக்கு ஒன்றும் கீழே போகிற வயரின் விளக்கும் மாறி மாறி மினுக்கின. பிரிண்டரில் சத்தமே இல்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். இரண்டு மணி நேரம்! சாமான் பழுது. சந்தேகமே இல்லை. நான் தெரிவு செய்த சாமான் பழுதென்று தெரிந்தால் இருவரும் மறுபடி ஏசத் தொடங்குவார்கள். அதற்கு முன் மாற்றிவிட வேண்டும். அதற்கடுத்த சனிக்கிழமை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும்போதே வயர்களைப் பிடுங்கி, சுவிச்சைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

நானா அதைத் தன் மேசையில் மாட்டிப் பார்த்தார். "இதுல ஒரு பழுதும் இல்ல மகள். வெளக்கு மினுக்கினா ஊட்டுல யாரோ பேசுறாங்க."

"எங்க வீட்டுல யாரும் பேசிக்கிறது இல்ல நானா" என்று உறுதியாகச் சொன்னேன்.

அவர் வயரைக் கழட்டினார். பிறகு சுவிச்சைப் பைக்குள் வைத்து, "அப்ப அவசரமாக் கொண்டு போய் மாட்டுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் அப்பாவும் சித்தப்பாவும் சாரம் கட்டியபடி குந்தியிருந்தார்கள். ஆளுக்கொரு வயர் நுனி கையில்.

"நீதான் கழட்டியிருக்க. தோக்கப் போறேன்னு தெரிஞ்சிருச்சு."

"நான் ஏண்ணே கழட்டுறேன்? கறுப்பு ராணிய ஒங்க தலையில கட்டிட்டு உக்காந்திருக்கேன், கழட்டுவேனா?"

"அது நீ போட்டதுதானா? போன வாரமும் நீதானா?"

"வேற யாரு, கம்ப்யூட்டரா?"

கணினியோடு கூடவே வருகிற சீட்டாட்டம் அது. இரண்டு பேர் இரண்டு கணினியிலிருந்து ஆடலாம், மீதி இரண்டு கையைக் கணினியே ஆடும். கறுப்பு ராணியை வாங்குகிறவருக்குத்தான் நட்டம். இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அன்று எனக்குக் கேட்டது சண்டை மட்டும்தான். நான் பையைத் திறந்து சுவிச்சை நீட்டினேன். இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

அப்படி ஓர் ஏச்சை நான் அதற்கு முன்னும் பின்னும் வாங்கியதில்லை. அப்பா விட்ட இடத்தில் சித்தப்பா தொடங்கினார். சித்தப்பா மூச்சு வாங்கியபோது, "நல்லாச் சொல்லு அவளுக்கு" என்று அப்பா எடுத்துக் கொடுத்தார். சித்தி மேலே இருந்து இரண்டு கோப்பைத் தேநீரோடு இறங்கி வந்தார். என் பக்கம் பேசாமல் இரண்டையும் அவர்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசியில் மேசன் பாஸ் வந்தபோது, சுவருக்கு இறக்கிய அந்தச் செங்கலில் பின்பக்கம் உடுப்புத் துவைக்க ஒரு மேடை கட்டச் சொன்னார்கள். அதுகூட அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஏச்சு முடிந்ததும் அழுதுகொண்டே குசினிக்குப் போய், "அவங்க பேசாம இருந்தப்பவே நல்லா இருந்துச்சு" என்று அடுப்பருகே நின்ற அம்மாவிடம் சொன்னேன். நியாயம் கேட்டுப் போன என்னை அம்மா இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அன்று இரவு நான் அம்மாவோடு பேசவில்லை.