தார் பூசிய பலா

இலங்கை மலையகத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் றோசாலிக்குப் பாசி தேய்க்கிற வேலை. கவ்வாத்து வெட்டி மொட்டையாக நிற்கும் தேயிலைச் செடியில் படிந்த பாசியை, குனிந்தபடியே தேங்காய் மட்டையால் தேய்த்து எடுக்க வேண்டும். மலை ஈரத்தில் பாசிக்கு என்ன பஞ்சம்? தேய்த்த இடத்திலேயே மறுபடி ஏறும். குமரியாகக் குனிந்தவளுக்கு இடுப்பு இன்னும் நிமிரவில்லை. 'என்ன பிழைப்போ' என்று அலுத்துக்கொண்டே, விடியலில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவாள்.

எழுபத்து நாலில் தோட்டமே பட்டினி கிடந்தது. றோசாலி வீட்டு வயிற்றைக் கழுவியது வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் நின்ற பலா மரம்தான். அதிலிருந்து ஒரு காயை, அடுத்த வீட்டு லூசியா கேட்காமல் பறித்துவிட்டாள். றோசாலியின் புருஷன் தேவதாசனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. லயத்துச் சுவருக்குப் பூசி மிஞ்சிய தாரை அடிமரத்திலிருந்து கிளை பிரியும் இடம்வரை அப்பினான்.

"இனி எவ ஏறுறான்னு பாப்போம்."

லூசியா ஏறவில்லைதான். ஆனால் இலை மஞ்சளித்துக் கொட்டியது, பிஞ்சு கருகி விழுந்தது. பட்டை என்ன செத்த தோலா, கண்டதையும் பூச? கிட்டப் போய்ப் பார்த்தால் மரத்தின் உடம்பெல்லாம் பொரிப்பொரியாக இருக்கும். காற்று உள்ளே போய்வரும் துவாரங்கள் அவை. பேரிக்காய்த் தோலில் புள்ளி புள்ளியாகத் தெரிவதும் அதே சங்கதிதான். இந்த மனுஷன் அத்தனையையும் அடைத்துவிட்டு, மரத்துக்கு நோய் என்று புலம்பினான்.

"நோயுமில்ல, ஒண்ணுமில்ல. மூச்சு முட்டுது," என்றாள் றோசாலி. "பாசி கட்டுன செடிய நீங்க பாத்ததேயில்லையா?"

மரம் போனால் அடுப்பும் போச்சு. வேலை விட்டு வந்த அசதியோடு கத்தியின் முதுகால் தாரைச் சுரண்டினாள். மெதுவாகச் சுரண்டினால் தார் வரவில்லை. அழுத்தினால் பட்டையும் சேர்ந்து உரிந்தது. தோட்டத்துச் செடிக்கு ஆயுசு முழுக்கத் தேய்த்தது போதாதா? ஆத்திரத்தில் அழுகை வந்தது. இன்னும் அழுத்தினாள்.

லூசியா தன் கத்தியோடு வந்து மரத்தின் மறுபக்கம் நின்றாள். அவளும் பாசி தேய்க்கிறவள்தான். நிதானமாகச் சுரண்டினாள்.

"புள்ளைங்க பசியில அழுதுச்சுங்க, றோசாலி. கேட்டிருந்தா குடுத்திருப்ப. கேக்கத்தான் வாய் வரல."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா? றோசாலிக்கே தெரியவில்லை. மறுபடி கத்தியை அழுத்தினாள்.

மரம் பிழைத்தது, பாதி. றோசாலி சுரண்டிய பக்கம் பட்டை வெடித்துக் காய்ந்துபோனது. அடுத்த பருவத்தில் லூசியா நின்ற பக்கம்தான் காய் தொங்கியது. தேவதாசன் காய் பறிக்கக் கத்தியை எடுத்துக்கொண்டு போனான்.

"வைங்க கத்திய. அது லூசியாவுக்கு."

"அப்ப நமக்கு?"

"அவ குடுத்தா திம்போம்."