க்யூவில் உட்கார்ந்த சிஸ்டர்

நர்ஸுக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவர்கள் நம்புவதில்லை. மனசு சரியில்லை என்றால் நாமே நம்புவதில்லை. ஊசி போட்டுவிட்டு, ஸ்டோர் ரூமில் ஒரு மூச்சு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அடுத்த ஊசி போட வந்தவர்கள் யாராவது இருந்தால், இது உங்களுக்காகத்தான்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமவெளிக்காரி. கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொகுப்பூதிய நர்ஸ். போன மழைக்காலத்தில், பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காத ஒரு பெண்ணை ஆம்புலன்ஸில் கீழே கொண்டுபோனேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டுவதற்குள் என் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பாதையை நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். கேஸோடு கீழே போக முடியாத நர்ஸை மலையில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கில்லை.

சொந்த வைத்தியம்

முதலில், நர்ஸுகள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். ரத்தசோகை என்று நானே முடிவுகட்டி இரும்புச்சத்து மாத்திரை போட்டேன். பிறகு தைராய்டு டெஸ்ட், சுகர் டெஸ்ட். கடைசியில், ஆளில்லாத மத்தியானத்தில் ஈ.சி.ஜி. எடுத்துவிடச் சொல்லிப் படுத்தேன். எல்லாம் நார்மல். எடுத்துவிட்ட பார்மஸி மல்லிகா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னும் கர்ப்ப டெஸ்ட் ஒண்ணுதான் கண்ணு பாக்கி. அதையும் பாத்துட்டு ஒரு நல்ல டாக்டர்கிட்ட போயிரு."

சேலத்து ஏ.சி.

போனேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கி, சேலத்தில் ஒரு தனியார் மனநல மருத்துவரைப் பார்த்தேன். ஊருக்குள் யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் அவ்வளவு தூரம். டாக்டர் நல்லவர்தான், ஏ.சி. அறையில் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். வாரா வாரம் வரச் சொன்னார். என் சம்பளத்தில் அப்படிப் போனால் மனசு தேறுவதற்குள் வயிறு காய்ந்துவிடும். வெட்கத்தை விட்டு வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "நானும் நர்ஸ்தாங்க, ஏதாவது சலுகை உண்டா?" என்று கேட்டேன்.

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் நர்ஸுங்கதான் மேடம். சலுகை குடுத்தா நாங்க கடையச் சாத்தோணுங்க."

பாறை மேல் டவர்

அடுத்தது, போனிலேயே இலவசமாக ஆலோசனை சொல்லும் அரசு எண். எங்கள் குவார்ட்டர்ஸில் டவர் கிடைக்காது. பின்பக்கம் மரவள்ளிக் காட்டு ஓரத்தில் ஒரு பாறை உண்டு, அதில் ஏறி நின்றால் கிடைக்கும். எதிர்முனையில் பேசிய பெண் அன்பாகத்தான் கேட்டார். ஆனால் லைன் விட்டு விட்டு வந்ததால், என் ரகசியத்தை எல்லாம் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், களை வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் களைக்கொத்தை ஊன்றியபடி நிற்கிறார்.

"நா யார்கிட்டயும் சொல்ல மாட்டேனுங்க சிஸ்டர். ஆனா நாளைக்கி அந்தப் பக்கத்துக் காட்டுல களை வெட்டறாங்க, அன்னிக்கிப் பேசாதீங்க."

தெரிஞ்ச பேஷன்ட்

இதில் வேடிக்கை என்னவென்றால், மாதம் ஒருமுறை மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டரம்மா எங்கள் ஆஸ்பத்திரிக்கே வருவார். பார்ப்பதும் இலவசம், மாத்திரையும் இலவசம். வாழவந்தி நாடு, பைல் நாடு என்று மலையூர்களில் வீடு வீடாகப் போய், "கூச்சப்படாம வாங்க" என்று ஆள் சேர்ப்பதே நான்தான். அன்றைக்குப் பெயர் கூப்பிடுவதும் நான்தான். எல்லோரும் போனபிறகு, எனக்குத் தெரிந்த ஒரு பேஷன்ட்டுக்கு என்று சொல்லி, என் கதையை அவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பேஷன்ட்ட அடுத்த தடவ க்யூவில உக்காரச் சொல்லுங்க" என்றார்.

உட்கார்ந்தேன். காது சுட்டது. பக்கத்தில் ஒரு மிளகுத் தோட்டக்காரர். தூக்கம் வராமல் தவித்து, என் பேச்சைக் கேட்டுத்தான் வந்திருந்தார். "ஏனுங்க, பேர் கூப்படாம இங்க உக்காந்துட்டீங்க?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கும் பாக்கணுங்க" என்றேன். அவர் சட்டென்று எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"என் எடத்தப் பாத்துக்கங்க, ஊட்டுக்காரியக் கூட்டியாந்தர்றேன். சிஸ்டருக்கே வருதுன்னா அவளுக்கு வர்றதுல என்னுங்க வெக்கம்?"

வளைவுக்கு டிக்கெட்

டாக்டரம்மா மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்தார்: லீவு நாளில் பஸ் ஏறி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சில வளைவு இறங்கி, திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கீழே. டாக்டரம்மா வைத்தியத்துக்கு ஆன மொத்தச் செலவு இந்த பஸ் டிக்கெட்தான். முதல் தடவை முன்சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினேன். அப்புறம் அந்தப் பெண்ணின் உயிர் போன வளைவையும் கண்ணைத் திறந்தே தாண்டினேன். அழுதேன், ஆனால் மூச்சு முட்டவில்லை. கண்டக்டருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒரு ஊடு கூட இல்லாத எடமாப் பாத்து எறங்கறீங்களே சிஸ்டர், அங்க யாருக்குங்க ஊசி போடறீங்க?"

திண்ணனூர் நாட்டுப் பெண்

போன மாதம் திண்ணனூர் நாட்டிலிருந்து ஒரு தலைப்பிரசவம் வந்தது. பிரஷர் எகிறிவிட்டது, உடனே கீழே அனுப்ப வேண்டும் என்றார் எங்கள் டாக்டர். டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தச் சொன்னேன்.

வளைவுக்கு வளைவு அவளுக்கு பிரஷர் பார்த்தேன். அவள் கையையும் விடவில்லை. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி மூச்சை எண்ணி இழுத்து எண்ணி விட்டேன். அவளையும் கூடவே விடச் சொன்னேன். பயம் இருந்தது, அதுபாட்டுக்கு ஒரு ஓரமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் பெண் குழந்தை, தாயும் சௌக்கியம். எனக்கு அந்த வராந்தாவில் ஆடவேண்டும் போலிருந்தது. வழியெல்லாம் வாந்தி எடுத்து ஓய்ந்துபோயிருந்த அவளுடைய அம்மா என் கையைப் பிடித்தார்.

"வர்ற வழியெல்லாம் என்னமோ முணுமுணுத்துட்டே வந்தீங்களே சாமி, அந்த மந்திரத்த எனக்கும் சொல்லிக் குடுங்க. நா மறுக்கா மேல ஏறோணுமே."

அரசு ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளத் தோன்றுவதற்கு இவ்வளவு சுற்ற வேண்டியிருந்தது என்பதைத் தவிர, என் வியாதியில் வெட்கப்பட வேறொன்றும் இல்லை.