சடசடப்பு அடங்கிய எண்ணெய்

அம்மா தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் உள்ள கடைகளுக்கு முறுக்கும் தட்டையும் சுட்டுக் கொடுக்கிறார். என் கல்லூரிப் படிப்பு பெரும்பாலும் அந்த வாணலியை நம்பியே நடக்கிறது. சென்ற குளிர்காலத்தில் அதை அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டிய நிலை வந்தது.

காரணம், பொரித்து மிஞ்சிய பாமாயில். தெருமுனையில் உருளைக்கிழங்கு டிக்கி பொரித்து விற்கும் கடைக்காரர் விலைக்குக் கேட்டபோது, தாம் உண்ணாததைப் பிறர் உண்ணக் கொடுக்க முடியாது என்று அம்மா மறுத்துவிட்டார். வேறு போக்கிடம் இல்லாத அந்த எண்ணெய் சமையலறைத் தொட்டியில் கொட்டப்பட்டது. தில்லிக் குளிரில் அது குழாய்க்குள்ளேயே உறைந்து, கீழ்வீட்டு ஆன்ட்டியின் சமையலறையில் கழிவுநீர் மேலேறியது. இன்னொரு முறை அடைத்துக்கொண்டால் வீட்டில் வியாபாரத்துக்குப் பொரிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொல்லிவிட்டுப் போனார்.

பழைய எண்ணெயைச் சேகரித்து, டீசலாக மாற்றும் ஆலைக்குக் கொண்டுபோகும் வண்டி ஒன்று எங்கள் பகுதிக்கு வருவதை விசாரித்து அறிந்தேன். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் விழுப்புரத்துக்காரர், கரும்பு குடிக்கும் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர். பெட்ரோலில் கரும்பிலிருந்து எடுக்கும் எத்தனாலைக் கலந்ததிலிருந்து ஸ்கூட்டர் முன்போல் ஓடுவதில்லை என்பது அவருடைய தீராத குறை. சோறு விளைய வேண்டிய நிலத்தை வண்டிகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்றார். கரும்பைப் பற்றி அவர் சொன்னதை என்னால் மறுக்க இயலவில்லை. முறுக்குச் சுட்டு மிஞ்சிய எண்ணெய்க்காக யாரும் புதிதாக ஒரு வயலைப் பறிக்கப்போவதில்லை என்று மட்டும் சொன்னேன்.

வண்டி வந்தது. சேகரிப்பவர் ஒரு சிறு தட்டைச் சூடாக்கி, எங்கள் டப்பாவிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயை அதில் விட்டார். சடசடவென்று தெறித்தது. தண்ணீர் கலந்திருக்கிறது, இதை இப்படியே ஆலையில் போட்டால் டீசலுக்குப் பதில் சோப்புதான் மிஞ்சும் என்று இந்தியில் சொல்லி, டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தண்ணீர் எப்படி வந்தது என்பது உடனே தெரிந்தது. எண்ணெயை ஊற்றுவதற்கு முன் அம்மா டப்பாவை நன்றாகக் கழுவியிருந்தார். ஈரம் உலரக் காத்திருக்கவில்லை.

"அழுக்கு டப்பாவையா ஒருத்தர் கையில குடுப்பாங்க?" என்றார் அம்மா.

"உங்கம்மா லாரிக்கும் பாத்திரம் தேச்சுதான் பரிமாறுவா" என்று அப்பா என்னிடம் சொன்னார்.

அம்மா சிரிக்கவில்லை. பால்கனியில் டப்பா நின்றது; உள்ளே தொட்டி இருந்தது. வண்டி மறுபடி வரும்வரை ஒரு சொட்டும் குழாயில் இறங்கக் கூடாது. மறுநாள் காலை அவர் அப்பாவிடம் டிவியை அணைக்கச் சொல்லிவிட்டு, அந்த எண்ணெயை வாணலியில் ஊற்றி, சிறு தீயில் வைத்துக் காதால் கவனித்தார். ஈரம் இருக்கும்வரை எண்ணெய் முணுமுணுத்தது. சத்தம் முற்றிலும் அடங்கிய பிறகே அடுப்பை அணைத்தார்.

அடுத்த முறை தட்டில் விழுந்த சொட்டு ஓசையின்றிப் பரவியது. டப்பா வண்டியில் ஏறியது. செயலாளர் படிக்கட்டில் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

அப்பா மட்டும் விடவில்லை. "இதுல எத்தனை பஸ் ஓடிடும்?"

"எல்லா பஸ்ஸையும் நானா ஓட்டணும்? என் அடுப்பு எரிஞ்சா போதும்" என்றார் அம்மா.

இருவர் சொன்னதும் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். நகரத்தின் எல்லா வாணலிகளையும் கவிழ்த்தாலும் பூமிக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு அது ஈடாகாது. ஆனால் வீணாகப் போனதில் ஒரு பங்கு இனி வீணாகாது.

சில நாட்கள் கழித்துக் கீழ்வீட்டு ஆன்ட்டி பூரி பொரித்த எண்ணெயை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். அம்மா தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டார். அது தெறித்தது.

"பானி ஹை, தீதி" என்றார், தண்ணீர் இருக்கிறது அக்கா என்று.

என் குழாயை அடைத்தவள் எனக்கே எண்ணெய் காய்ச்சக் கற்றுத் தருகிறாள் என்று ஆன்ட்டி இந்தியில் என்னிடம் முறையிட்டார். ஆனாலும் போகவில்லை. அம்மா வாணலியை ஏற்ற, அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தம் அடங்கும்வரை தானும் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.