தூக்காத கை

எங்கள் குடியிருப்பின் கடைசித் தெருவில் ஒரு சுவர் நிற்கிறது. அதற்குச் செங்கல் இறக்கியது என் டிப்பர். அந்தச் சுவர் வேண்டாம் என்று மனசார நினைத்தவனும் நான்தான். இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

நான் நாலாவதோடு நின்றவன். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஏறி, இன்றைக்கு என் பேரில் மூன்று டிப்பர் ஓடுகின்றன. பெரம்பலூரில், அரியலூர் ரோட்டை ஒட்டி நான் மனை வாங்கியபோது இங்கே வெறும் கருவேலங்காடு. தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, தார் ரோடு எல்லாம் நான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கியவை. ஆபீசர் எதிரே உட்கார்ந்து பேச எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. குடியிருப்போர் சங்கம் ஆரம்பித்தவனும் நான்தான். எதுவானாலும் கூட்டம் போட்டு, கை தூக்கி, எண்ணிப் பார்த்துத்தான் செய்வது என்று சட்டம் வைத்தேன். நான் கொண்டுவந்த தீர்மானம் ஒன்றுகூடத் தோற்றதில்லை.

எதிர்வீட்டுப் பாய் லப்பைக்குடிகாட்டுக்காரர். இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில் ஒரு கடையில் நின்றே முட்டி தேய்ந்து, ஊர் திரும்பி இங்கே வீடு கட்டினார். சாயங்காலம் என் வீட்டு கேட்டருகே இரண்டு நாற்காலி, இரண்டு டீ. ஒருநாள் நான் சொன்னேன்.

"அந்த நாட்டுலல்லாம் ஓட்டு முளைக்காதுங்க பாய். அதுக்குன்னு ஒரு மண்ணு வேணும்."

"நம்ம மண்ணுல முளைச்சிருச்சாண்ணே?"

"ஏன், என் சங்கத்தப் பாருங்க. கோயிலுக்குப் போறவன், சர்ச்சுக்குப் போறவங்க, நீங்க. ஆளுக்கு ஒரு கை."

"உங்க கை மட்டும் கொஞ்சம் நீளம்ணே" என்று சிரித்தார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கடைசித் தெரு முடிகிற இடத்தில் ஓர் ஆள் நுழைகிற சந்து இருந்தது. அதில் நுழைந்து வரப்பில் நடந்தால் ஐந்து நிமிடத்தில் பள்ளிவாசல். பாய் ஐந்து வேளையும் அந்த வழியாகத்தான் போவார். சந்து இல்லையென்றால் சிமென்ட் லாரிகளும் என் டிப்பர்களும் பறக்கிற அரியலூர் ரோட்டைச் சுற்ற வேண்டும். அந்தச் சமயத்தில் இரண்டு வீடுகளில் தண்ணீர் மோட்டார் திருடு போனது. திருடன் சந்து வழியாகத்தான் வந்திருப்பான், அடைத்துவிடலாம் என்று பேச்சு கிளம்பியது.

பாய் என்னிடம் வந்தார். "அந்த வழி போச்சுன்னா என்னால பள்ளிக்கு நடக்க முடியாதுண்ணே."

"நான் இருக்கேன்ல. போயி நிம்மதியா இருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டி நிழலில் கூட்டம். நான் எழுந்ததுமே, சர்ச் பக்கத்து வீட்டில் இருக்கிற ரிட்டயர்டு டீச்சர் குறுக்கிட்டார்.

"தலைவரே, கோச்சுக்காதீங்க. தலைவரு கை தூக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் சமமா வந்தா மட்டும்தான் உங்க ஓட்டு. அதான் முறை."

டீச்சர் பாய் பக்கம். கெடுதலாக நினைத்துச் சொல்லவில்லை. எனக்கோ ஜட்ஜ் நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. அதோடு ஓர் ஆசையும் வந்தது. என் கை இல்லாமலே இந்த ஜனம் பாய்க்கு வழி விடும், அதை அவர் பார்க்கட்டும் என்று. உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டேன்.

"வழி இருக்கட்டும்ங்கறவங்க கை தூக்குங்க."

பாய் தூக்கினார். டீச்சர் தூக்கினார். மற்றவர்கள் அவர்களைப் பார்க்கவே இல்லை. என் மடியைப் பார்த்தார்கள்.

"யோசிச்சுத் தூக்குங்கப்பா" என்றேன். ஒருவரும் அசையவில்லை.

"அடைக்கணும்ங்கறவங்க?"

முனைவீட்டுக்காரர் காதைச் சொறிகிற மாதிரி பாதிக் கை தூக்கினார். பிறகு மளமளவென்று எல்லாக் கையும். எண்ணுவது என் வேலை. எண்ணினேன்.

மறுநாள் வீடு வீடாகப் போனேன். முனைவீட்டுக்காரரே முதலில்.

"நீங்க தூக்கலையேண்ணே."

"வாயத் தொறந்து கேட்டிருக்கக் கூடாதாய்யா?"

"பாய் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம எங்கள வுட்டுச் சொல்ல வெக்கிறீங்கன்னுல்ல நெனச்சோம்!"

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதே பதில். இரண்டு வீட்டில் மட்டும் பள்ளிவாசலைப் பற்றி வேறு மாதிரிப் பேசினார்கள். அதை நான் எழுதமாட்டேன். திரும்பி வரும்போது தார் ரோடும் விளக்கும் கண்ணில் பட்டன. அதற்கெல்லாம் நான் எண்ணிய கைகள் யாருடையவை என்று அப்போதுதான் உறைத்தது.

பாய் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி கூட்டம் போடுறேன் பாய். மொதக் கை என்னோடது. அத்தன கையும் பின்னாடியே வரும்."

"வரும்ணே. தெரியும்."

"அப்பறம் என்ன?"

"அப்ப அது உங்க வழிண்ணே, என் வழியில்ல. நாளைக்கு உங்களுக்கு என் மேல கோவம் வந்தா? அங்க இத்தன வருஷம் ஒரு மொதலாளி கையப் பாத்தே நின்னுட்டு வந்தேன். இங்கயும் ஒரு கையப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"அப்ப என்னதான் பண்றது?"

"எனக்கும் தெரியலண்ணே. டீ போடச் சொல்றேன், உக்காருங்க."

சங்க வேலைக்கு எப்போதும் செங்கல் கொடுப்பது நான். யாரும் என்னைக் கேட்கவில்லை, வண்டி வழக்கம்போல் இறக்கிவிட்டது. நாலு நாளில் சுவர் எழுந்தது.

இப்போது பாய் வெள்ளிக்கிழமை மட்டும்தான் பள்ளிக்குப் போகிறார். உச்சிவெயிலில் குச்சி ஊன்றி வெளியே வருவார். நான் காரை ஸ்டார்ட் செய்து வைத்திருப்பேன்.

"ஏறுங்க பாய்."

"டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காருண்ணே."

என் டிரைவர்களிடம் அரியலூர் ரோட்டில் அவர் நடக்கிற இடத்தில் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறேன். அடுத்தவன் டிரைவரிடம் என்ன சொல்ல முடியும்? நான் ஒரு போன் போட்டால் பொக்லைன் வந்து பத்து நிமிடத்தில் சுவரை இடித்துவிடும். ஏன் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். கேட்கமாட்டார்கள் என்பது தெரிந்துபோனதால் போனை எடுக்கவும் கை வரவில்லை.

அவர் திரும்பி வருகிறவரை கேட்டருகே நிற்கிறேன். ரோட்டில் ஹாரன் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன்.