நான் தோற்கப் பேசிய விவாதம்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டில் அணு ஒப்பந்தம் என்ற சொல் சீனி, மண்ணெண்ணெய் என்பது போலச் சாதாரணமாகப் புழங்கியது. இலங்கை மலைநாட்டில் ரத்தோட்டையில், ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறும் பாதையோரத்தில் எங்கள் வீடு. அப்பா மேலே இருந்த தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். அம்மாவின் தம்பி, என் மாமா, சரக்குக் கப்பலில் சமையல்காரர். இந்த இரண்டு உத்தியோகங்களும் சேர்ந்துதான் ஈரானை எங்கள் குடும்ப விஷயமாக்கிவிட்டன. அப்பாவின் தொழிற்சாலைத் தேயிலையில் ஒரு பங்கு கடைசியில் அந்த நாட்டுக்குத்தான் போய்ச் சேருகிறது என்று அப்பா சொல்வார். மாமாவின் கப்பலும் அந்த நாட்டுக் கரையை ஒட்டிய கடலில்தான் போய்வந்துகொண்டிருந்தது.

ஈரான் அணுகுண்டு செய்யாது, சோதனை செய்பவர்களை உள்ளே விடும். பதிலுக்கு மற்ற நாடுகள் அதன் மேல் போட்ட தடைகளை எடுத்துவிடும். இதுதான் ஒப்பந்தம் என்று அப்பா எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அந்த ஒப்பந்தத்தை விட்டு அமெரிக்கா விலகப்போகிறது என்று அந்த வருடம் தொலைக்காட்சியில் ஓயாமல் பேசினார்கள். அப்பா செய்தி பார்க்கும்போது செய்தி வாசிப்பவரோடு நேரடியாகச் சண்டை போடுவார்.

"கையெழுத்துப் போட்டவன் ஒருத்தன், கிழிக்கிறவன் இன்னொருத்தனா? அப்படிக் கிழிச்சா நாளைக்கு எவன் நம்பிக் கையெழுத்துப் போடுவான்? விலகினா சண்டைதான். மொதல்ல பத்திக்கிறது அந்தக் கடல்தான்."

அந்தக் கடலில் மாமா இருந்தார். பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் அதைத் தேடிப் பிடித்தேன். இரண்டு கரைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடப் பார்க்கும் ஒரு இடுக்கு. அதன் நடுவே என் விரல் நுனியைக்கூட வைக்க இடமில்லை. அங்கே ஒரு கப்பல் எப்படித் தப்பும் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் விவாதப் போட்டி வந்தது. வரலாறு படிப்பித்த சேரும் அப்பாவைப் போலச் செய்திப் பைத்தியம். மற்ற வகுப்புகளுக்கெல்லாம் நகரமா கிராமமா, கல்வியா செல்வமா என்று கொடுத்துவிட்டு, எங்களுக்கு மட்டும் 'அணு ஒப்பந்தத்தை விட்டு அமெரிக்கா விலகுவது சரியே' என்று கரும்பலகையில் எழுதினார். சீட்டுப் போட்டதில் என் அணிக்கு வந்தது, விலகுவது சரி என்ற பக்கம். குரல் பெரிது என்பதால் அணித் தலைவியும் நான்தான்.

சேர் போகும்போது ஒன்று சொன்னார். "ஜெயிக்கிற பக்கத்த மேல அனுப்பணும். மேல உள்ளவங்க பாப்பாங்க. ஏனோதானோன்னு பேசிராதீங்க."

எங்கள் ஊரில் 'மேல' என்றால் தோட்டத்துரை, அரசாங்கம், கர்த்தர் என்று யாராகவும் இருக்கலாம். எல்லா முடிவுகளும் அங்கிருந்துதான் இறங்கி வரும். உலகம் முழுக்க உள்ள பள்ளிக்கூடங்களில் இப்படிப் பேசவைத்து, எந்தப் பக்கம் அதிகம் ஜெயித்திருக்கிறது என்று பார்த்துத்தான் அமெரிக்கா முடிவெடுக்கும் என்று நான் எனக்குள்ளே விளங்கிக்கொண்டேன். அவ்வளவு பெரிய விஷயத்தை வேறு எப்படித்தான் தீர்மானிப்பார்கள்?

வீட்டுக்கு வந்து தலைப்பைச் சொன்னபோது அப்பா முகத்தைச் சுளித்தார். ஆனாலும் மகள் அணித் தலைவி. அன்று பின்னேரமே தேநீர்க் கோப்பையோடு வாசலில் உட்கார்ந்து, எனக்குப் பேச்சுத் தயாரிக்கத் தொடங்கினார்.

"இது சும்மா கொஞ்ச வருஷத்துக்குத்தான் கட்டு. காலம் முடிஞ்சா அவன் இஷ்டத்துக்குச் செய்யலாம். அத மொதல்ல சொல்லு. ஏவுகணையப் பத்தி இதுல ஒண்ணுமே இல்ல. அத ரெண்டாவது சொல்லு. தடைய எடுத்ததால வர்ற காசுல பக்கத்து நாட்டுச் சண்டைக்கெல்லாம் ஆயுதம் குடுக்குறான். அத கடைசில, கையத் தூக்கிச் சொல்லு."

நாட்கள் போகப்போக அப்பாவுக்கு அதில் ருசி ஏறிவிட்டது. நான் திணறிய இடங்களில் அவரே எழுந்து நின்று பேசிக் காட்டினார். ஒரு நாள் பேசி முடித்ததும், "நெசமாவே நியாயமாத்தான் இருக்கு இவங்க பக்கமும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு நின்று அவரைப் பார்த்தாள். அப்பா உடனே இருமிவிட்டு வேறு கதை பேசினார்.

சொந்த மச்சான் நடுக்கடலில் இருக்கும்போது, மகள் ஒரு பரிசு வாங்க வேண்டும் என்பதற்காக அப்பா கட்சி மாறிவிட்டார். இனி மாமாவைக் காப்பாற்ற வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம்.

போட்டியன்று மண்டபம் நிறைந்திருந்தது. என் அணியின் மற்ற இருவரும் நன்றாகவே பேசினார்கள். அதுவே எனக்குப் பெரிய கவலை. என் முறை வந்ததும் எழுந்து, அப்பா சொல்லித் தந்ததில் பாதியை விழுங்கிவிட்டுப் பேசினேன். கையைத் தூக்க வேண்டிய இடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்படியும் சபை கைதட்டியது. என் குரல் அப்படி.

பிறகு எதிரணித் தலைவி எழுந்தாள். ஒல்லியான பிள்ளை, கடையில் கராம்பும் மிளகும் வாங்கி விற்கும் ஒரு வியாபாரியின் மகள். என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"இப்ப சோதன செய்றவங்க உள்ள போய்ப் பாத்துட்டு வர்றாங்க. ஒப்பந்தத்த விட்டு விலகிட்டா, நாளைக்கு அவங்க உள்ள என்ன செய்றாங்கன்னு எப்பிடித் தெரிஞ்சுக்குவீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று அப்பாவுக்குத் தெரியும். அதற்குப் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்போம். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "நீங்க சொல்றது சரிதான்" என்றேன்.

சேர் தன் கதிரையில் முன்னால் சாய்ந்தார். "நீ எந்தப் பக்கம் பேசுற புள்ள?"

"அவங்க பக்கம் சேர். விலகக் கூடாது சேர். விலகினா ஆளுக சாவாங்க."

சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. என் அணிப் பிள்ளைகள் இருவரும் அதற்குப் பிறகு தவணை முடியும் வரை என்னோடு பேசவில்லை. நாங்கள் தோற்றோம். அந்த ஒல்லிப் பிள்ளையின் அணியை மேலே அனுப்புவதாக அறிவித்தார்கள். நான் பாதை நெடுகத் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தோற்றுவிட்டோம் என்றதும் அப்பாவின் முகம் விழுந்தது. அவர் என் தலையைத் தடவினார். பாவம், இவருக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அன்று போல நான் நிம்மதியாகச் சாப்பிட்டதே இல்லை.

மே மாதத்தில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது செய்தியில் சொன்னார்கள். அமெரிக்கா விலகிவிட்டது.

"எப்பிடி?" என்று கத்தினேன். "நாங்க தோத்தோமே! நான் ஒழுங்காத்தானே தோத்தேன்!"

அப்பா தொலைக்காட்சியை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். ஒற்றைச் சப்பாத்தோடு அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா முதலில் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மற்றச் சப்பாத்தை எடுத்து என் காலில் போட்டுவிட்டார்.

"மேலன்னா மாத்தளையில உள்ள கல்விக் காரியாலயம் புள்ள. அவங்க சேருகிட்ட சொல்ற மாதிரி அமெரிக்காகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ ஜெயிச்சிருந்தாலும் இதான் நடந்திருக்கும். ஒன்னால ஒண்ணும் இல்ல."

ஒன்னால ஒண்ணும் இல்ல. அந்தச் சொல்லைக் கேட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. பஸ் ஏறும் வரைதான் அந்தச் சுகம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, என்னாலும் முடியாது, அப்பாவாலும் முடியாது, சேராலும் முடியாது என்றால் இதை யார்தான் நிறுத்துவது என்ற யோசனை வந்துவிட்டது.

அப்பா பயந்தபடி கடல் பற்றியெரியவில்லை. மாமா வழக்கம் போலக் கரைக்குக் கிட்ட வரும்போதெல்லாம் பேசினார். ஆனால் மழை தொடங்கும் காலத்தில் தடைகள் திரும்பவும் வந்தன. அதோடு அவருடைய அழைப்புகள் நின்றன. மாமாவை வேலைக்கு எடுத்த கொழும்பு ஏஜென்ஸிக்கு அப்பா விடாமல் போன் செய்தார். கப்பல் பத்திரமாக நிற்கிறது என்று மட்டும் சொன்னார்கள். எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்டால் பிறகு போன் எடுக்கச் சொன்னார்கள். அம்மா தேவாலயத்து விடியற்காலைப் பூசைக்குப் போகத் தொடங்கினாள். அப்பா செய்தி பார்த்தார், ஆனால் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. அந்த அமைதிதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், நல்ல மழை. அம்மா உடுப்புகளை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"எங்கடா இருக்க?" என்றாள் அம்மா. பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரிடா. சரிடா தம்பி. வந்துரு. ஒண்ணும் வேணாம், நீ வந்துரு."

போனை வைக்காமல் ஈர உடுப்புகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "கரைக்கு வந்துட்டானாம்" என்றாள். "தடை போட்டதும் கப்பலுக்கு இன்சூரன்ஸ் இல்லாமப் போச்சாம். எந்தத் துறைமுகத்துலயும் சேக்காம நடுக்கடல்லயே நிப்பாட்டி வச்சிருக்காங்க. இப்பதான் எறக்கினாங்களாம்."

அப்பா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய், கொட்டும் மழையில் முற்றத்தைக் கூட்டத் தொடங்கினார். அவர் முற்றம் கூட்டி நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கவே இல்லை. நனைந்துபோய் உள்ளே வந்த அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

நத்தார் பண்டிகைக்கு முன்னால், டிசம்பரில், மாமா வந்து சேர்ந்தார். மெலிந்திருந்தார், சேட் தோளிலிருந்து தொங்கியது. வந்த அன்றே அப்பா பழையபடி ஆகிவிட்டார். அவ்வளவு கிட்ட இருந்து பார்த்த ஆள் கையில் கிடைத்தால் விடுவாரா?

"சொல்லுங்க மச்சான். விலகினது சரியா, பிழையா? நீங்கதான் நேர்ல இருந்தவரு."

மாமா சங்கடமாகச் சிரித்தார். "எனக்கென்ன மச்சான் தெரியும்? நான் அடுப்படியில இருந்தவன்."

எனக்குப் பெரிய ஏமாற்றம். மாமாவுக்காக நான் ஒரு போட்டியையே தோற்றிருக்கிறேன். அவருக்கு ஒரு பக்கமும் இல்லையாம். நான் போட்டியில் தோற்ற கதையை அம்மா சொன்னபோது அவர் என்னைக் கூப்பிட்டு, சபையில் பேசாமல் விட்ட பேச்சை இப்போது பேசிக்காட்டச் சொன்னார். பேசினேன். ஒன்றையும் விழுங்காமல், கடைசியில் கையை உயர்த்தி, முழுக் குரலில் பேசினேன். மாமா எழுந்து நின்று கைதட்டினார். "அடேயப்பா, இவ அமெரிக்காவுக்குப் போயிருந்தா அவங்க போன வருஷமே விலகியிருப்பாங்க!" என்றார். வீடே குலுங்கியது.

சாப்பிடும்போது அம்மா, திரும்பவும் எப்போது கப்பலுக்கு என்று மெல்லக் கேட்டாள்.

"இனிப் போகலக்கா" என்றார் மாமா. "கப்பல்ல சாப்பாடு சரியில்ல."

அம்மா அவர் தட்டில் இன்னும் சோறு வைத்தாள். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் அந்தக் காரணத்தை அப்படியே நம்பினேன். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், அந்தக் கப்பலில் சமைக்கிறவன் சரியில்லை, அதனால்தான் எங்கள் மாமா வந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.