ஏரிக்கு அடியில் மங்கையர்க்கரசி

மங்கையர்க்கரசி அம்மாள் முப்பத்தோரு வருடமாக எழுபத்து மூன்று மீட்டர் தண்ணீருக்கு அடியில் குடித்தனம் நடத்தி வருகிறார். இதை நான் சொல்லவில்லை. ஏரி அலுவலகத்தின் நோட்டீஸ் சொல்கிறது.

செகந்திராபாத்தில் எங்கள் தெருவின் இருபத்திரண்டு வீடுகளுக்கும் அது வந்தது. ஏரி நிறைந்தால் தண்ணீரின் உயரம், கடல் மட்டத்திலிருந்து 538 மீட்டர். உங்கள் வீட்டுத் தரையின் உயரம் 465. ஆகவே நீங்கள் ஏரிக்குள் வசிக்கிறீர்கள். வியாழன் காலை பத்து மணிக்கு இடிக்கப்படும். சுவருக்குச் சுவர் சிவப்புப் பெயின்டில் ஒரு பெருக்கல் குறியும் போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ஏரி தெருக்கோடியில், பள்ளத்தில் கிடக்கிறது. குனிந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் வீடுகளின் உயரத்தை அளந்து எண்ணைக் கொடுத்தது அலுவலகம் பறக்கவிட்ட டிரோன். அதிலும், நான் இங்கே விட்டுவிட்ட மூன்று தசம ஸ்தானத்தோடு கொடுத்தது. தசமத்தைச் சந்தேகிக்க யாருக்குத் தைரியம் வரும்? தெரு முழுக்கப் பட்டாவைத் தேடியது, எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்றது, அழுதது. பக்கத்து வீட்டு எட்வின் மட்டும், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், வேண்டாம் என்பதற்கு ஊர் உருதுவின் 'நக்கோ'வைக் கலந்து, தன் வழக்கப்படி கேட்டார்:

"அக்கா, நம்ம தெருவுல மீன் புடிக்க லைசென்ஸ் வேணுமா, நக்கோவா?"

அம்மாள் சிரிக்கவில்லை. அவருக்கு எண்கள்மேல் மரியாதை உண்டு.

அரக்கோணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். தண்டவாளத்தில் வேலை பார்த்த கணவர் போனதும், கருணை அடிப்படையில் ரயில்வே இன்ஜினியரிங் பிரிவில் இவருக்கு வேலை கிடைத்தது. உயரம் அளக்கும்போது கோடு போட்ட நீண்ட மட்டக்கோலை நேராகப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பதுதான் உத்தியோகம். இருபத்தேழு வருடம் நின்றார். இத்தனை காலம் நேராக நின்றவர் எவருக்கும் நம் நாட்டில் பதவி உயர்வு கிடைத்ததில்லை, இவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் ஸ்டேஷன்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று ஓர் எண் இருக்கிறதே, அது கடற்கரையிலிருந்து கோல் கோலாக நடந்துவந்த எண் என்பது அவருக்குத் தெரியும்.

நோட்டீஸ் வந்த மறுநாள் அம்மாள் செல்போனில் உயரம் காட்டும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, எங்கள் ஸ்டேஷன் பலகையின் கீழ் போய் நின்றார். பிறகு பேகம்பேட். பிறகு இன்னொன்று. மூன்று இடத்திலும், ஒன்றிரண்டு முன்னே பின்னே, போன் பலகையைவிட எழுபத்தாறு மீட்டர் குறைத்தே சொன்னது. சர்வீஸின் கடைசி வருடங்களில் இந்த மாதிரி மிஷின் வந்தபோது, இன்ஜினியர்கள் அது காட்டியதோடு ஓர் எண்ணைக் கூட்டிய பிறகே எழுதிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

கடல் மட்டம் என்றால் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல எங்கும் ஒரே சமம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். கடல் அவ்வளவு நடுநிலைவாதி அல்ல. பூமியின் இழுப்பு எங்கே அதிகமோ அங்கே போய்க் குவியும். குறைந்த இடத்தைக் கைவிடும். நமக்கும் அந்தக் குணம் உண்டு என்பதால் குறை சொல்ல முடியாது. இலங்கைக்குத் தெற்கே இழுப்பு குறைந்து, கடல் நூறு மீட்டருக்கு மேல் குழிந்து கிடக்கிறது. அந்தக் குழியின் சரிவு நம் ஊர்வரை நீள்கிறது. செயற்கைக்கோளை நம்பும் மிஷினுக்குக் குழியாவது குன்றாவது! கணக்கில் வார்த்தெடுத்த வழவழப்பான உருண்டை ஒன்றிலிருந்து அது உயரம் சொல்லும். இங்கே நிஜக் கடல் மட்டம் அந்த உருண்டைக்கு எழுபத்தாறு மீட்டர் கீழே. ஏரியின் 538 மட்டக்கோல் கணக்கு. வீட்டின் 465 மிஷின் கணக்கு. முழத்தில் அளந்ததையும் மீட்டரில் அளந்ததையும் பக்கத்தில் வைத்து, எது நீளம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். எழுபத்தாறைக் கூட்டினால் வீடு 541. தண்ணீருக்கு மூன்று மீட்டர் மேலே.

புதன்கிழமை அம்மாள் அலுவலகத்துக்குப் போனார். கூடவே எட்வினும் நானும். அதிகாரி சந்திரமோகன் சட்டத்தையெல்லாம் தெலுங்கில் சொன்னார். அம்மாள் போனை மேஜைமேல் வைத்தார்.

"இந்த ரூமுக்கு 463 காட்டுது சார். என் வீட்டைவிட உங்க நாற்காலி ஆழத்துல இருக்கு. உங்களுக்கு நோட்டீஸ் வந்துச்சா?"

சந்திரமோகன் முட்டாள் அல்ல. எண்ணைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், கதவைச் சாத்தச் சொன்னார். அப்புறம் தமிழுக்கு மாறினார். அவர் தாத்தாவும் ரயில்வே வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து செகந்திராபாத் வந்தவராம். அச்சடித்த கருணை மனு ஒன்றை நகர்த்தினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. கருணை அடிப்படையில உங்க வீட்டை மட்டும் விட்டுடறோம். நம்மவங்க ஆச்சே."

"நக்கோ சார். ஒரு தடவை கருணையில வேலை வாங்கி, ரிடையர் ஆகிறவரைக்கும் கருணை கேஸுன்னுதான் கூப்பிட்டாங்க. இப்ப எனக்குக் கருணை வேணாம். எழுபத்தாறு மீட்டர் குடுங்க."

"நாளைக்குக் காலையில ஜேசிபி வந்துரும்மா."

"வரட்டும். தண்ணிக்குள்ள எப்படி ஓட்டுறான்னு நானும் பாக்கறேன்."

எட்வின் என் தொடையைக் கிள்ளினார். கையெழுத்துப் போட்டால் அம்மாள் வீடு தப்பும். எங்கள் வீடுகள் போகும். போடாவிட்டால் எல்லாமே போகலாம். அம்மாள் நாற்காலியை இன்னும் முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூன்று பலகைகளின் கணக்கையும் போட்டுக் காட்டினார்; அந்த எண்படி தன் அலுவலகமும் ஏரிக்குள்தான் என்பதால், அரைமணி நேரத்தில் சந்திரமோகன் இரண்டாவதாக ஒரு கடிதம் தயாரித்தார். பூமியின் ஈர்ப்புக் குறைபாட்டால் நேர்ந்த பிழையை முன்னிட்டு இருபத்திரண்டு நோட்டீஸும் ரத்து. எட்வின் எழுந்தேவிட்டார். அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பூமி எங்க சார் பிழை பண்ணுச்சு? அது பாட்டுக்கு இழுக்குற அளவுக்கு இழுக்குது. கூட்ட மறந்தது யாரு? பூமி மேல பழியப் போட்டா, அடுத்த மாசம் இன்னொரு டிரோன் இதே நம்பரோட வரும்."

சந்திரமோகன் பேனா மூடியைத் திருகித் திறந்தார். பிறகு பூமியை அடித்துவிட்டு, 'இவ்வலுவலகம் 76 மீட்டரைக் கூட்டத் தவறியது' என்று தன் கையால் எழுதினார். இந்திய நிர்வாகத்தில் ஓர் அலுவலகம் தன்னையே எழுவாயாக வைத்துத் தவறை எழுதியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அம்மாள் வீட்டுக்கு ஒன்றாக இருபத்திரண்டு நகல் கேட்டார். சந்திரமோகன், மேஜையில் தன் சாப்பாட்டு டப்பா திறந்தபடி ஆறிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டார். ஒன்பதாவதில் சலித்துப்போய் வெறும் 'ச.மோ.' என்று கிறுக்கினார்.

அம்மாள் அதை மட்டும் அவர் பக்கம் திருப்பி நகர்த்தினார்.

"முழுப் பேரு போடுங்க சார்."