மூன்று ஆட்டத்துக்கு இரண்டு மாத லீவு

நான் பார்த்தால் இந்தியா ஜெயிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த மடையன் நான். அபுதாபி பக்கம் ருவைஸில் எண்ணெய் பிளான்ட் ஒன்றில் டெக்னீஷியன் வேலை. மீட்டர் காட்டும் அளவைக்கூட இரண்டு தடவை தட்டிப் பார்க்காமல் எழுத மாட்டேன். கிரிக்கெட் என்று வந்துவிட்டால் மட்டும் புத்தி லீவு போட்டுவிடும்.

இரண்டாயிரத்து மூன்று உலகக் கோப்பை இறுதியாட்டத்தன்று எனக்கு டூட்டி. கேஸ் இருக்கும் இடம் என்பதால் மொபைலை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலையில் வெளியே வந்தபோது கேட்டில் இருந்த பாகிஸ்தானி செக்யூரிட்டி ஒன்றும் பேசாமல் மொபைலை நீட்டினார். தினமும் என்னை வம்புக்கு இழுக்கிறவர். அவரே கேலி செய்யவில்லை என்றால் எப்படித் தோற்றிருப்போம் என்று தெரிந்துவிட்டது. கேம்ப் வரைக்கும் பஸ்ஸில் ஒரே புலம்பல். நான் மட்டும் பார்த்திருந்தால்! அடுத்த உலகக் கோப்பையை ஊரில், என் வீட்டு டிவி முன்னால், ஒரு பந்து விடாமல் பார்ப்பது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. நான் போகும்போது என் வேலையை ஒரு பீகார்க்காரர் பார்த்துக்கொள்வார். ஒருவர் திரும்பி வந்தால்தான் இன்னொருவர் கிளம்பலாம். இரண்டாயிரத்து ஏழில் அவருக்கு மார்ச், ஏப்ரல். எனக்கு மே, ஜூன். உலகக் கோப்பையோ மார்ச், ஏப்ரலில்.

மே மாதம் தூத்துக்குடியில் என் மகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், ஆயுசுக்கு ஒருமுறைதான். பிள்ளையை அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமுமாக நடந்து பீடம் வரை கூட்டிப்போவது எங்கள் கோயிலில் வழக்கம். எல்லாம் தெரிந்துதான் நான் பீகார்க்காரரிடம் போய் லீவை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கிரிக்கெட்டுக்காக என்று சொல்ல வெட்கம். மகளுக்கு மார்ச்சில் கோயில் விசேஷம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஹோலிக்கு ஊருக்குப் போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர்.

“பேட்டி கா காம் பெஹலே, பாய்” என்றார். மகள் காரியம்தான் முதலில் என்று அர்த்தம்.

வீட்டுக்கு போன் போட்டு, கம்பெனியில் மார்ச்சில்தான் லீவு கொடுக்கிறார்கள் என்றேன். மனைவி சண்டை போடவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

துபாய் தேராவில் வாங்கிய பெரிய டிவியோடு ஊரில் போய் இறங்கினேன். மகள் கலர் பென்சிலால் எல்லா ஆட்டங்களையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். மேலே ‘அப்பா வரும் நாள்’. இறுதியாட்டத்துக்குக் கீழே ‘அப்பா போகும் நாள்’. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் ஆட்டத்தில் யாரும் பொருட்படுத்தாத அணியிடம் தோற்றோம். இரண்டாவதில் ஒரு கத்துக்குட்டி அணியை அடித்து நொறுக்கினோம். மூன்றாவதிலும் தோற்று, ஒரே வாரத்தில் மூட்டையைக் கட்டினோம். மூன்றையும் ஒரே நாற்காலியில், ஒரே சட்டையோடு உட்கார்ந்து பார்த்தேன். விடிந்ததும் பரீட்சைக்குக் கிளம்பிய மகள், மீதி ஆட்டங்களை அழிக்கணுமா என்று கேட்டாள். அவளிடம் எரிந்து விழுந்தேன்.

அதற்கப்புறம் வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மகள் கையைக் கூப்பிக்கொண்டு கூடத்தில் நடந்து பழகுவாள். ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் மச்சான். புதுநன்மைக்கு நான் இருக்க மாட்டேன் என்பதால் மச்சானை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் நடந்த இடம் என்னுடையது. பார்க்கச் சகிக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் மனசு கேட்காமல் பீகார்க்காரருக்கு போன் போட்டேன். புதுநன்மைக்கு இன்னும் பதினைந்து நாள்தான். அதுவரை அவர் பொறுத்துக்கொண்டால் போதும். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர் முந்திக்கொண்டார்.

“பேட்டி கா ஃபங்ஷன் அச்சா ஹுவா, பாய்?”

மகள் விசேஷம் நல்லபடியாக நடந்தது என்றேன். என்னிடம் இருந்த ஒரே நியாயமான காரணத்தை நான் மார்ச்சிலேயே செலவழித்துவிட்டேன். இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. டிக்கெட் போட்டபடியே வருகிறேன் என்று சொன்னேன். அவர் சந்தோஷமாக, வரும்போது மகள் போட்டோ கொண்டு வா என்றார்.

புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் நான் ருவைஸுக்குத் திரும்பியிருந்தேன்; இங்கே ஞாயிறு வேலை நாள். மொபைல் கேட்டில் கிடந்தது. மாலையில் வெளியே வந்து அங்கேயே நின்று வீட்டுக்கு அடித்தேன். மகள்தான் எடுத்தாள். கவுன், கிரீடம், மாமா கூட நடந்தது என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. கடைசியில் கேட்டாள்.

“வேர்ல்டு கப்புக்கு மட்டுந்தானப்பா கம்பெனில லீவு தருவாவ? அடுத்த வேர்ல்டு கப் எப்ப வரும்?”

நாலு வருடம் என்று அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை.